இலைதானே என்று சொல்லாதீர்கள்: நெல்லைச் சீமைச் சித்த மருத்துவர்களுக்கு ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரனின் திறந்த மடல்

மரியாதைக்குரிய சித்த மருத்துவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அப்பா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். உங்களில் பலர் எழுதித் தரும் சீட்டு என் கடைக்கு வருகிறது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் சரக்கைத் தொட்டுப் பார்த்துப் பழக வருவதுண்டு. இதே சரக்கில் சோறு தின்கிறவன் நான். நம் வீட்டுக்குள் பேச வேண்டிய பேச்சாகத்தான் இதை எழுதுகிறேன். ஊரும் கேட்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

பேட்டையிலிருந்து ஓர் ஆச்சி என் கடைக்கு வருவார். வயது 74. ஆவாரம்பூ, வெந்தயம், கொஞ்சம் சிறுகுறிஞ்சான் பொடி, சர்க்கரை நோய்க்கு எட்டு வருடமாக இதுதான் வாடிக்கை. போன ஆடி மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை ஆளைக் காணவில்லை. மூன்றாவது வாரம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் கல்லா மேசையில் வைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சுகர் மாத்திரைகளான மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. திருப்பூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய சர்க்கரைக்கொல்லி குளிகை டப்பா, சிறுகுறிஞ்சானுக்கே இன்னொரு பெயர்தான் அது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த, பெயரே போடாத ஒரு பொட்டலம். கடைசியாக, என் கடைப் பொடி.

ஆடி வெள்ளிக்கு விரதம். காலையில் சீனி போடாத காப்பி மட்டும் குடித்துவிட்டு, மாத்திரையையும் குளிகையையும் பொடியையும் வழக்கம்போல விழுங்கிவிட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் நிற்கும்போது உடம்பு ஆடியது, வாய் உளறியது. சுற்றி இருந்த பெண்கள், "ஆச்சிக்கு அம்மன் வந்திருக்கா" என்று கும்பிட்டு விலகி நின்றிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளைதான் கையைத் தொட்டுப் பார்த்து, ஐஸ் மாதிரி வேர்த்திருக்கிறதே என்று கத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது சர்க்கரை 41க்கு இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இதுல எது என்னைக் கவுத்துது?" என்று கேட்டார் ஆச்சி. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராமும் வரிசையாக இருந்தன. கீழே நம் பங்குக்கு இரண்டே வார்த்தை: நாட்டு மருந்து. என்ன மருந்து, எத்தனை கிராம், எத்தனை நாளாக, எதுவும் இல்லை. அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எழுத அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து என்னைக் குடையும் விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும் பேச்சு, "இலைதான அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாதுல்லா?" என்பது. நானும் எத்தனையோ வருடம், "ஒண்ணும் செய்யாது, தைரியமாச் சாப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலரும் சொல்கிறீர்கள். விளம்பரங்கள் அதையே "பக்கவிளைவு இல்லாதது" என்று அழகாகச் சொல்கின்றன. அந்தப் பேச்சு நம் மூலிகைக்கே அவமரியாதை.

தாத்தா எனக்குச் சிறுகுறிஞ்சானை அறிமுகப்படுத்தியது அல்வாவை வைத்துத்தான். எனக்குப் பத்து வயதிருக்கும். பச்சை இலை இரண்டைக் கையில் கொடுத்து நன்றாக மெல்லச் சொன்னார். லேசான கசப்பு. மென்று துப்பியதும் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா வைத்தார். வாயில் போட்டேன். நெய் வழுக்கியது, கோதுமைப் பாலின் பசை நாக்கில் ஒட்டியது, இனிப்பை மட்டும் காணவில்லை. சந்தேகப்பட்டு ஒரு கை சீனியை அள்ளிப் போட்டேன். ஆற்று மணலை மென்றது போலிருந்தது. நாக்குக்கு இனிப்பு திரும்ப அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. "இம்புட்டு இலை இந்த வேலை செய்யுதுன்னா, இதை விளையாட்டா எடுத்துக்கிடலாமாடா?" என்று கேட்டார் தாத்தா.

இலைக்குள் இருக்கும் ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறியும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் அதன் காரணம் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கஷாயமான ஆவாரைக் குடிநீரில் சேரும் கடலழிஞ்சில் வேருக்கும் ஒரு வேலை உண்டு. அதிலிருந்து சலாசினால் என்ற பொருளை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து 1997இல் வெளியிட்டார்கள். சோற்று மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது குடலிலேயே தடுக்கிறது. இங்கிலீஷ் மருந்தில் அகார்போஸ் மாத்திரை செய்யும் வேலையும் அதுதான். வெந்தயத்தின் பிசின் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. இவ்வளவு வேலை செய்கிற சரக்கை ஒன்றும் செய்யாதது என்று சொல்லி விற்பது எந்த நியாயம்? சர்க்கரையை இறக்கத் தெரிந்த இலைக்கு, மாத்திரையோடு கூட்டுச் சேர்ந்தால் அதை அளவுக்கு மேல் இறக்கவும் தெரியும்.

இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால், சீனித் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த பாடம். சீனியை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை பிடித்து வைத்திருக்கிறதே. கடலழிஞ்சில் சாப்பிடுகிற வீட்டிலும் அதே ஜாக்கிரதை வேண்டும். மருந்துக் கடையில் ஒரு குளுக்கோஸ் பொடிப் பாக்கெட் வாங்கி வையுங்கள். இப்போது என் கடையில் கடலழிஞ்சில் வாங்குகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

அப்புறம், இந்த 'எக்ஸ்ட்ராக்ட்' விஷயம். காய்ந்த இலையை இடித்தால் பொடி. தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, சாரத்தை இறக்கி, நீரை வற்றவைத்தால் சத்து. டப்பாவில் பத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால், பத்துக் கிலோ இலை ஒரு கிலோவாகச் சுண்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் 500 மில்லிகிராம் குளிகை ஒன்று 5 கிராம் இலைக்குச் சமம். ஆச்சி காலையும் மாலையும் இரண்டிரண்டு போட்டார். நாளைக்கு 20 கிராம் இலை. அதற்கு மேல் என் பொடி வேறு. நீங்கள் யாருக்காவது சிறுகுறிஞ்சானை இந்த அளவில் எழுதுவீர்களா? மகனுக்கும் தெரியாது, ஆச்சிக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் அக்கறையோடு கொடுத்ததெல்லாம் ஒரே வயிற்றில் போய்ச் சேர்ந்தது.

அதுவும் வயதான வயிறு. ஒரு பொது மருத்துவரிடம் உட்கார்ந்து இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வாலிபம் தாண்டினால் பெருகுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றனவாம். வயது ஏற ஏறக் கணையத்தில் கொழுப்பு படிகிறது. சாப்பிட்டவுடன் பாய்ந்து வரவேண்டிய இன்சுலின் தயங்கித் தயங்கி வருகிறது. சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் தசையும் வற்றிப் போகிறது. இன்னொரு பக்கம் சிறுநீரகம் மெதுவாகிவிடுவதால், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளின் வேகம் உடம்பில் அதிக நேரம் நிற்கிறது. சர்க்கரை இறங்கும்போது சின்ன வயதுக்காரருக்கு முதலில் படபடப்பு வரும், பசிக்கும், கை நடுங்கும், எதையாவது எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். முதியவருக்கு அந்த எச்சரிக்கை மணி சரியாக அடிப்பதில்லை. நேரே உளறல், மயக்கம், விழுதல். விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

இதனால்தான் இங்கிலீஷ் மருத்துவத்திலேயே தளர்ந்துபோன முதியவர்களுக்குப் பிடியைத் தளர்த்துகிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை மற்றவர்களுக்கு 7 என்றால், இவர்களுக்கு 8 வரை போனாலும் பரவாயில்லை என்கிறார்கள். நம் பொட்டலத்தில் மட்டும் முப்பது வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே வாசகம்: காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன். ஆளைப் பார்த்து, நாடியைப் பார்த்து, வயதைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்வதுதானே உங்கள் மருத்துவம்? பொட்டலத்துக்குள் போனதும் அந்தப் பார்வை எங்கே போனது?

விளம்பரங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், கணையத்தைப் புதுப்பிக்கும், இன்சுலினை மறுபடி ஊற வைக்கும் என்கின்றன. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். வேர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, நல்ல வேர்தான். 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் சத்து, நாளைக்கு 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் வரை. சர்க்கரை இறங்கியது, மாத்திரையைக் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சத்தை மட்டும் வைத்துச் சமாளித்தார்கள். படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் மொத்தமே 22 பேர். மருந்தே இல்லாத போலிக் குளிகையை வேறு சிலருக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த சோதனையும் இல்லை. மீதி 17 பேருக்கு மாத்திரை வேண்டியிருந்தது. அந்த 5 பேரும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள், யூடியூப் பார்த்து நிறுத்தவில்லை.

அதே காலத்தில் நஞ்சு கொடுத்துக் கணையத்தைக் கெடுத்த எலிகளில் இந்தச் சத்தைச் சோதித்தார்கள். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கூடியதாகத் தெரிந்தது. எலியின் கணையத்தில் கண்டதை 74 வயது ஆச்சியின் கணையத்துக்கு எழுதிக் கொடுக்கிறது டப்பா. நீரிழிவைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடுக்கப்பட்டிருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டம் எடுத்துச் சொல்வதை விட நீங்கள் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். "கணையம் புதிதாகும் என்று நாங்கள் சொல்வதில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் துணை நிற்கும் என்றுதான் சொல்கிறோம்" என்று உங்கள் வாயிலிருந்து வரவேண்டும்.

இதில் இன்னொரு பயமும் இருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் திடீரென்று சுகர் வந்து, கூடவே உடம்பு மளமளவென்று இளைத்தால், அது கணையத்தில் வேறு கோளாறாகவும் இருக்கலாம். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சுகர் வருகிறவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு அடுத்த மூன்று வருடத்தில் கணையப் புற்று தெரியவருகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். நூற்றில் ஒருவர்தான். ஆனாலும் அந்த ஒருவர் என் கடையில் ஆவாரம்பூ வாங்கிக்கொண்டே ஆறு மாதத்தைக் கழித்துவிடக் கூடாது. இளைத்துப்போய் வருகிற ஆளிடம் பொடி கொடுப்பதற்கு முன்னால், "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று இப்போது கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

பெயரில்லாத அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான். சாப்பிட்ட மூன்றாம் நாளே சர்க்கரை சரசரவென்று இறங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னாராம். அத்தனை வேகமாக வேலை செய்யும் இலையை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நீரிழிவுக்கான சில சீன மூலிகைக் குளிகைகளைச் சோதித்தபோது, உள்ளே கிளிபென்கிளமைடு, பென்ஃபார்மின் என்ற இரண்டு இங்கிலீஷ் சுகர் மருந்துகள் இருந்தன. முதலாவது, முதியவர்களுக்கு வேண்டாம் என்று தள்ளும் மாத்திரை. இரண்டாவது, அமெரிக்காவே 1970களில் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து. நம் ஊர்ப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மூலிகை என்று எழுதிவிட்டால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்ற தைரியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரக்குக் குழப்பமும் உண்டு, அது கெட்ட எண்ணம் இல்லாமலே நடக்கிறது. ஆவாரை, நிலாவாரை. பெயரும் ஒட்டியே வரும், பூ இரண்டுக்கும் மஞ்சள். நிலாவாரை நம் சீமையின் பெருமை. உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்றே பெயர், தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுகிறது. ஆனால் அது பேதி மருந்து. செடியாக இருந்தால் சின்னப்பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். ஆவாரை இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி இரண்டு செதில் அகலமாக இருக்கும். நிலாவாரைக்கு அது கிடையாது, இலையும் ஈட்டி முனை போலக் கூராக இருக்கும். இடித்துப் பொடியாக்கிவிட்டால் இரண்டும் பச்சைத் தூள்தான். நாலைந்து வருடம் முன்பு, ஆவாரை இலைப் பொடி என்று வந்த ஒரு மூட்டையில் எனக்கே சந்தேகம் வந்தது. வாங்கிப் போன இரண்டு பேர் வயிற்றால் போகிறது என்று வந்து நின்றார்கள். மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற ஒரு தாத்தாவுக்கு அது தினமும் போயிருந்தால், உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறியிருக்கலாம். அன்றிலிருந்து இலையை முழுசாகத்தான் வாங்குகிறேன், கண் முன்னால்தான் இடித்துக் கொடுக்கிறேன்.

கடலழிஞ்சில் பற்றிய கவலை வேறு வகை. அது மலைக்கொடி, மருந்துக்கு வேண்டியது வேர். வேரைத் தோண்டினால் கொடி போயிற்று. பாபநாசத்துக்கு மேலே பொதிகை முழுவதும் காப்பகக் காடு, அப்படித்தான் இருக்க வேண்டும். நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அத்தனை பேருக்கும் மலையில் வேர் இல்லை. தேவை ஏற ஏற வேறு எதையாவது வேர் என்று கட்டி அனுப்புகிறார்கள். இதை வளர்க்கும் வழியைப் பற்றி நீங்கள் பேசினால் விவசாயிகள் காது கொடுப்பார்கள்.

உங்களிடம் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். வயதானவர் உங்களிடம் வந்தால், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு, முடிந்தால் அந்த அட்டைகளையே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். உங்கள் சீட்டில் மூலிகையின் பெயரைத் தாவரவியல் பெயரோடும் கிராம் கணக்கோடும் எழுதுங்கள். பொடியா, குடிநீரா, சத்தா என்றும் எழுதுங்கள். நாளைக்கு நள்ளிரவில் ஒரு இங்கிலீஷ் டாக்டர் அதைக் கையில் எடுத்தால் அவருக்குப் புரிய வேண்டும். மாத்திரையைக் குறைப்பதென்றால் அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் குறையுங்கள். அவர்கள் நம்மை மதிப்பதில்லை என்பது உங்கள் மனக்குறை, எனக்குத் தெரியும். மெட்ஃபார்மினே ஒரு செடியின் வழிவந்தது என்று அவர்களுக்கும் தெரியும். ஐரோப்பாவின் கலேகா செடியில் இருந்த பொருளைப் பார்த்துப் பார்த்து, அளவு கண்டு, 1957இல் மருந்தாக்கினார்கள். நம் சிறுகுறிஞ்சானுக்கு அந்த அளவைக் கண்டுபிடித்துச் சொல்ல, வாசலில் வரிசையாகக் காத்திருக்கும் முதியவர்களை வைத்திருக்கும் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நம் மருந்தால் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகம் 2018இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆச்சிக்கு நடந்தது அதில் ஏறியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் சித்த மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டதால்தான் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'நாட்டு மருந்து' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். என் பொடியும் உங்கள் குடிநீரும் அந்தப் பெயரில்லாத பொட்டலமும் அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் சுகர் மாத்திரை கொண்டுபோகும் பெண்களிடம், "நாட்டு மருந்து என்ன சாப்பிடுதீங்க?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் ஆச்சிமார் மறைக்க மாட்டார்கள். டாக்டர் திட்டுவார் என்றுதான் அங்கே மறைக்கிறார்கள்.

என் பங்குக்கு, 'சுகர் பொடி' என்று எல்லாவற்றையும் கலந்து விற்றதை ஆவணியிலேயே நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாக, பெயரும் எடையும் தேதியும் எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உங்கள் சீட்டு இல்லாமல் சிறுகுறிஞ்சானோ கடலழிஞ்சிலோ கொடுப்பதில்லை. பாதி யாவாரம் அடுத்த கடைக்குப் போகிறது. போகட்டும். ஆனால் அடுத்த கடைக்காரரும் என் கூட்டாளிதான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவரும் செய்வார், மேலப்பாளையத்திலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் இருக்கிறவர்களும் செய்வார்கள்.

புதுச் சரக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் இறங்கும். அன்றைக்கு உங்களில் ஒருவர் வந்து, கூட இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, சாக்குகளைப் பிரித்துக் கையில் எடுத்து முகர்ந்து, இது ஆவாரை, இது இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலை ஒன்பதரைக்குக் கடை திறப்பேன். ஆச்சியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரன்,
திருநெல்வேலி டவுன்